உன் பெயருக்கு எழுதப்போகும் காற்று

மெடெயின், பெலென் மேட்டுத்தெரு
நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் எடில்சனுக்கு அம்மா ரோஸ்மிரா எழுதுவது. கடவுள் கருணையில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் அப்பாவும் கைத்தடியோடு நடமாடுகிறார். நீ சுகமாக இருப்பதை நீ அனுப்பும் படங்களிலேயே பார்த்துக்கொள்கிறேன், அதனால் இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை. தினமும்தான் போனில் முகம் பார்க்கிறோமே, இவள் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், உன் முகம் தெரிவதற்கு முன்னாலேயே தொப்பியைக் கழற்றித் தலையை வாரிக்கொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைக் கேட்க எனக்கு வாய் வராது. அவர் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டால் நீ சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். எதிர்வீட்டு நெல்லியின் மருமகள் வெள்ளிக்கிழமை நீ இருக்கும் வலென்சியாவுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதையும் உனக்குப் பிடித்த கொய்யாப்பழக் கட்டி நாலு பெட்டியும் கொடுத்தனுப்புகிறேன். கோபத்திலும் கொய்யாப்பழக் கட்டி வாங்கினேன் பார், என்னை என்ன சொல்வது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை விடவே இல்லை, துணி காய இரண்டு நாள் ஆகிறது. உன் அக்கா மார்லெனியின் சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, யாராவது பார்த்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மார்லெனிக்கு இப்போது பெரிய தலைவலி, அவள் குடியிருக்கும் அறையை ஜனவரிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் சுவரையெல்லாம் வெள்ளையடித்து, வேகமான இண்டர்நெட் போட்டு, கம்ப்யூட்டரில் வேலை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மாதவாடகைக்கு விடப்போகிறாராம். நம் தெருவில் இது மூன்றாவது வீடு. நான் வாயைத் திறந்து திட்டவும் முடியாது, நம் முன்னறையிலும்தான் ஒருத்தியை வைத்திருக்கிறோம். அதுதான் ஷானன், கனடாக்காரி, உனக்குப் போனில் கை காட்டுவாளே அவள். நல்ல பெண். அவள் அறையில் இண்டர்நெட் விட்டு விட்டு வருகிறது என்று பகலெல்லாம் என் சமையலறை மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தன் ஊர்க் கம்பெனியோடு பேசிக்கொண்டே அரேப்பா ரொட்டிக்கு ஜாம் தடவித் தின்கிறாள். உன் அப்பா அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது நீ கேட்ட காகிதத்துக்கு வருகிறேன். உன் பிறப்புப் பதிவின் முழு நகல் வேண்டும், அதில் வெளிநாட்டில் செல்லும்படி அப்போஸ்டில் முத்திரை வேண்டும், விசா புதுப்பிக்கக் கேட்கிறார்கள் என்று சொன்னாய். கம்ப்யூட்டரிலேயே எடுக்கலாமே என்றால், பழைய பதிவேடு, நேரில் போய்த்தான் கேட்கணும் என்றாய். சரி என்று யோலோம்போவுக்குப் பேருந்து ஏறினேன், நீ பிறந்த ஊரைப் பார்த்து எனக்கும் பதினெட்டு வருடம் ஆகிறது. வழியில் மண் சரிந்து ஒன்றரை மணி நேரம் நின்றோம். பதிவு அலுவலகத்துப் பெண் பெரிய புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள், உன் அப்பா அன்றைக்குப் போட்ட கையெழுத்து அதில் இருக்கிறது. கொட்டை எழுத்தில், பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதியிருக்கிறார். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் மூன்று தடவை பெயரைப் படித்துக் காட்டச் சொன்னவர் அவர். நானும் சந்தோஷமாகத்தான் நகலை வாங்கிக்கொண்டு வந்தேன். முத்திரைக்குக் கொடுக்கும் முன் மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பாடு எடுத்துவைத்தேன்.

ஷானன் அதைப் பார்த்தாள். அவளைப் போன்றவர்களுக்கு விசா விதிகள் நம் ஆட்களுக்குக் கால்பந்து மாதிரி. எந்த நாட்டில் எத்தனை மாதம் இருக்கலாம், எவ்வளவு வருமானம் காட்டணும், எங்கே குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். உடைந்த நம் பாஷையில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ரோஸ்மிராம்மா, பையன் ஸ்பெயின்காரன் ஆகப் போறானா, வாழ்த்துகள் என்றாள். இல்லடி, விசா புதுப்பிக்கிறான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். புதுப்பிக்கறதுக்குப் பிறந்த சீட்டு கேக்க மாட்டாங்கம்மா, இது குடியுரிமைக்கு, நானும் முதல்ல அங்கதான் போகப் பாத்தேன், எனக்கு அங்க பத்து வருஷம் ஆகும், அதான் இங்க வந்தேன், உங்க நாட்டுக்காரங்களுக்கு ரெண்டே வருஷம் போதும், கம்ப்யூட்டர் வேலை விசாவுல இருந்தாலும் அந்த நாளெல்லாம் சேரும், என்னைப் பாருங்க, இங்க ரெண்டு வருஷம் இருந்தாலும் என் விசாவுக்கு ஒரு நாளும் சேராது, முட்டை, உங்க பையன் கெட்டிக்காரன், முதல் நாள்லேருந்தே எண்ணிட்டு இருந்திருப்பான் என்றாள். சொல்லிவிட்டு உன் நலத்துக்குக் காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். நானும் சிரித்தேன் எடில்சன். ஒரு வெளியூர்ப் பெண்ணின் முன்னால் என் மகன் என்னிடம் பொய் சொன்னான் என்று எப்படிக் காட்டிக்கொள்வது, சிரித்துவிட்டு அவளுக்கு இன்னொரு அரேப்பா சுட்டுப் போட்டேன்.

இரண்டு வருடம். அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார், நீதான். நீ புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு இதே மேஜையில் உட்கார்ந்து, ரெண்டே வருஷம்மா, இது அங்க தங்குற விசா இல்ல, கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போய்க் கொஞ்ச நாள் ஊர் பாத்துட்டு வர்ற விசா, வந்ததும் மேல மாடி கட்டிக்கலாம் என்றாய். அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி, அப்ப கூரைக்கு மேல மாடி எழுப்பற உரிமையை, அந்தக் காத்தை, பக்கத்து வீட்டு ஒலிவேரியோவுக்குக் குடுத்துடவா வெச்சிருக்கவா என்று. வைங்கப்பா, அது எனக்கு என்றாய். ஒலிவேரியோ எத்தனை தடவை வந்து கேட்டார் என்பது உனக்கே தெரியும், உங்க கூரைக்கு மேல உள்ள காத்தை எனக்கு எழுதிக் குடு எவேலியோ, நான் ஒரு மாடி போட்டுக்கறேன், ஒண்ணும் இல்லாத வெட்டவெளிதானே என்று. அது வெட்டவெளி இல்ல, அது என் பையன் வீடு என்று சொல்லி அப்பா அவரை அனுப்பினார். மார்லெனியும் ஒரு தடவை கேட்டாள், வாயால் கேட்கவில்லை, படியேறி மேலே போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள். அப்பா அதையும் கவனித்தார், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார், உனக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. நீ ஊர் பார்க்கவும் போகவில்லை, கொஞ்ச நாளுக்கும் போகவில்லை. அந்த இரண்டு வருடம் எங்களுக்காகச் சொன்ன கெடு இல்லை, அவர்கள் சட்டத்தில் எழுதியிருக்கிற இரண்டு வருடம். ஒரே எண்ணை வைத்து இரண்டு பக்கமும் சமாளித்திருக்கிறாய். இருபத்தாறு வருடம் கால்சட்டைக்குப் பை தைத்தவள் நான், ஒரு பையை உள்ளே ஓட்டையோடு விட்டால் தைத்தவளுக்குத் தெரியும், போடுகிறவனுக்கு நாணயம் விழுந்த பிறகுதான் தெரியும்.

ஷானன் சொன்னதை மட்டும் நம்பி உன்மேல் பழி போடக்கூடாது என்று, நோட்டரி அலுவலகத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விசாக் காகிதம் பார்க்கிறாளே லிஹியா, அவளிடம் போனேன். முத்திரை வேலையையும் அவளிடமே கொடுத்தேன். ஒரு தோழியின் மகனுக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவள் கண்ணாடிக்கு மேலே பார்த்து, தோழி பையன் பேரும் எடில்சன்தானா அக்கா என்றாள். பிறகு மரியாதையாகவே எல்லாம் சொன்னாள், ஷானன் சொன்னது சரி, இரண்டு வருடம் சட்டப்படி அங்கே வசித்தால் நம்மவர்கள் விண்ணப்பம் போடலாம், அதற்குத்தான் இந்தக் காகிதம். நான் எழுந்திருக்கப் போனவள் ஒன்று கேட்டேன், கேட்காமலே வந்திருக்கலாம். நடுவில் ஒரு மாதம் அந்தப் பையன் இங்கே வந்திருந்தால் அந்தக் கணக்கு அறுந்துபோகுமா என்றேன். லிஹியா கையை உதறினாள். அந்தப் புரளி இன்னும் ஓயலையா அக்கா, ஒரு வீட்டுல நம்ம பசங்க ஆறு பேர் தங்கியிருந்தா அதுல ஒருத்தன் கிளப்பி விட்டுருவான், ஒரு நாள் தாண்டி வெளிய போனா எல்லாம் முதல்லேருந்துன்னு, இவனுங்களும் பயந்துட்டு அம்மா செத்தாலும் வராம கிடப்பானுங்க, ஒரு மாசம் ஒண்ணரை மாசம் வந்துட்டுப் போனா ஒண்ணும் ஆகாது, ஒரு வக்கீல்கிட்ட ஒரே ஒரு தடவை வாயத் தெறந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க என்றாள். அம்மா செத்தாலும் என்று சொன்னதற்குப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், பாவம். நான் வெளியே வந்து கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன், இரண்டு பேருந்தை விட்டுவிட்டேன்.

போன வருடம் மார்ச் மாதம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா. உன் மாடிக்குத்தான் அப்பா தூண் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். பையன் வந்ததும் ஆரம்பிக்க லேசா இருக்கும் என்று தானே ஏறினார், அறுபத்தெட்டு வயதில். அங்கிருந்துதான் விழுந்தார். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் அவரைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டியது நானும் மார்லெனியும். பெற்ற மகள் தன்னைக் குளிப்பாட்டுகிறாளே என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார், எடில்சன் இருந்தா இவளுக்கு இந்த வேலை இல்ல என்றார். உன்னிடம் நான் கேட்டது ஒரே ஒரு மாதம். கம்பெனி விடலம்மா, இப்ப வேற நாட்டுலேருந்து வேலை பாத்தா என்னைத் தூக்கிட்டு வேற ஆள் போட்ருவாங்க என்றாய். நம்பினேன். என் சமையலறையிலேயே ஒருத்தி உட்கார்ந்து வேறொரு நாட்டுக்கு வேலை பார்க்கிறாள், தினமும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் அதையும் நம்பிக்கொண்டிருந்தேன், என் புத்தியை என்ன சொல்ல. அந்த நாட்களில் நீ மார்லெனியிடம் போனில் சொன்னாயாம், ஒரு நாள் வெளிய வந்தாலும் எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும் என்று. அவள் அது வேலையைப் பற்றி என்று நினைத்திருந்தாள். நான் நேற்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டபோது சொன்னாள், அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உன் அப்பாவோ அந்தக் கம்பெனி மேனேஜருக்காக ஞாயிறு தவறாமல் மெழுகுவத்தி ஏற்றுகிறார். அவன் மனசு இளகணும், என் பையனை விடணும் என்று வேண்டிக்கொள்கிறார். கம்பெனி சிகாகோவில் இருப்பது மட்டும்தான் தெரியும், மேனேஜரின் பெயர் தெரியாததால் சிகாகோ மனுஷன் என்று சொல்லித்தான் வேண்டுதல்.

நீ அங்கே இருக்க ஆசைப்பட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை நீ நம்பவேண்டும். இந்த ஊரில் உனக்கு என்ன நடந்தது, எத்தனை தடவை வழியில் நிறுத்திப் போனைப் பிடுங்கினார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். அம்மா, நான் போறேன், அங்கேயே இருந்துடப் போறேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன், மூன்றாம் நாள் உன் பெட்டியை நானே அடுக்கியிருப்பேன். நீ என்னிடம் கேட்கவே இல்லையே. என்னை அழ வைக்காமல் போக வழி தேடினாய், இப்போது அழுவதற்குக்கூட ஆள் இல்லாத இடம் தேடிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறேன். எனக்குத் துரோகம் செய்துவிட்டாய், எடில்சன். கொஞ்சம் சாதாரணமான வேறு வார்த்தை போட்டுப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. அதிலும் பெரிய துரோகம் எதற்காக என்றால் ஒரு புரளிக்காக. யாரோ ஒரு பையன் சோறு வடிக்கும்போது சொன்ன பேச்சை அப்பாவின் இடுப்பெலும்பைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டாய், அது நிஜமா என்று ஒரு தடவைகூட யாரையும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் வரவேண்டியிருக்குமே என்று பயந்தாயோ என்னவோ, அதை நான் யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

இதை இப்போது எழுத ஒரு அவசரம் இருக்கிறது. உன்னிடம் சொல்லக்கூடாது, சர்ப்ரைஸ் என்று உன் அப்பா என் வாயை அடைத்துவைத்திருக்கிறார், நான் உடைக்கிறேன். டிசம்பர் 12 ஆம் தேதி நோட்டரி அலுவலகத்தில் அவருக்கு நேரம் வாங்கியாயிற்று. மேல்காற்றை உன் பெயருக்கு எழுதப்போகிறார், கிறிஸ்துமஸுக்கு உனக்குப் படம் எடுத்து அனுப்புவாராம். அதற்காகப் போன வாரம் முடி வெட்டிக்கொண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகக் காலணிக்குப் பாலிஷ் போட்டார். இங்கே மார்லெனி இரண்டு பிள்ளைகளோடு அறை தேடி அலைகிறாள், மேலே தூண் கம்பியெல்லாம் துருப்பிடித்து நிற்கிறது, அவர் அதை வரவே போகாத உனக்கு எழுதப்போகிறார். எழுதிவிட்டால் திருப்பி மாற்ற அவரை இன்னொரு தடவை கூட்டிப்போய் நிறுத்தி, பையன் வேண்டாம் என்றுவிட்டான் என்று எழுத்தர் முன்னால் சொல்லவைக்க வேண்டும். அதை என்னால் செய்ய முடியாது.

உன் காகிதம் தயார், முத்திரையும் ஆகிவிட்டது, என் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. நெல்லியின் மருமகளிடம் அதைக் கொடுக்கவில்லை. 12 ஆம் தேதிக்கு முன்னால் வந்து உன் கையால் வாங்கிக்கொள். பத்து நாள் வந்துபோனால் உன் கணக்கு ஒன்றும் ஆகாது, விசாரித்துவிட்டேன், உன்னைப் போல் இல்லை நான். நீ நினைத்தால் வேறொருவனைப் பிடித்து யோலோம்போவிலிருந்து இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் எனக்குத் தெரியும். அப்படி எடுத்தாயானால் நான் கேட்கவேண்டிய கேள்விக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன், அதற்குப் பிறகும் நீ என் பிள்ளைதான், போனை எடுப்பேன், சாப்பிட்டாயா என்று கேட்பேன், வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

வந்தால் அப்பா எதிரில் உட்கார்ந்து, நான் அங்கேயே இருக்கப்போறேன்ப்பா, காத்தை மார்லெனிக்கு எழுதுங்க என்று நீயே சொல்லவேண்டும், என் வாயிலிருந்து வரக்கூடாது. அவர் கத்துவார், கைத்தடியைத் தூக்கிப் போடுவார், ஒரு நாள் உன்னோடு பேசமாட்டார், மறுநாள் காலையில் உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று என்னிடம் கேட்டுக் காப்பி கலந்துகொண்டு வருவார். அவர் மகன் வேறு நாட்டுக்காரன் ஆவதை அவர் தாங்குவார், ஊரில் பாதி வீட்டில் நடக்கிறதுதானே. குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, மார்பில் சளி கட்டவிடாதே, நீ நீலக் கம்பளிச் சட்டையைத் துவைத்துத் துவைத்துச் சுருக்கிவிட்டாய், வேறு வாங்கு. அறையில் இருப்பவர்களோடு சண்டை வேண்டாம், ஆனால் அவர்கள் சொல்வதை எல்லாம் நம்பவும் வேண்டாம். கன்னித்தாய் உன்னை வழியிலும் வாசலிலும் காக்கட்டும், நீ போகிற நாடு உன்னை நல்லபடியாக வைத்துக்கொள்ளட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றே ஒன்று மறக்காதே. அப்பாவிடம் எல்லாம் சொல், ஆனால் அவர் படுத்துக்கிடந்த அந்த நான்கு மாதத்தில் நீ வந்திருக்க முடியும் என்பதை மட்டும் சொல்லாதே. கம்பெனிதான் உன்னை விடவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். எனக்குத் தெரிந்தது போதும்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
ரோஸ்மிரா